காலை எடுக்க அஞ்சு லட்சம், காலைக் காப்பாத்த காலணா இல்ல

"அதான் காப்பீட்டு அட்டை இருக்குதே, அம்மாவுக்கு என்ன செலவு?"ன்னு பட்டணத்துல இருக்குற சொந்தக்காரங்க கேக்குறாங்க. அந்த அட்டை எதுக்கு உதவும், எதுக்கு உதவாதுன்னு அவங்களுக்குத் தெரியல. அதான் எழுதுறேன்.

2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. இன்னிக்கு அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2024 அக்டோபர்ல மத்திய அரசும் 70 வயசு ஆன எல்லாருக்கும், வருமானம் பார்க்காம, வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சைன்னு சொல்லுச்சு. நல்ல காரியம்தான். ஆனா இதெல்லாம் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தாதான் வேலை செய்யும். சக்கரை முத்தி கிட்னி போனா டயாலிசிஸுக்குப் பணம் உண்டு. கால் அழுகி எடுக்கணும்னா அதுக்கும் உண்டு. அந்த நிலைமை வராம இருக்க, வீட்டுல சக்கரை பார்க்குற ஸ்ட்ரிப் வாங்க ஒரு பைசா கிடையாது.

பயிர்க் காப்பீடும் இப்படித்தான். காய்ஞ்சு போனப்புறம் கணக்கெடுக்க வருவாங்க. ஆனா மல்லாட்டை போனா அடுத்த பட்டத்துல போடலாம். போன கால் திரும்ப முளைக்குமா?

எங்க வீட்டுக் கணக்கைச் சொல்றேன். அம்மாவுக்கு வயசு 76. தினம் ரெண்டு வேளை இன்சுலின். மருந்து அரசு ஆஸ்பத்திரியில இலவசம், இல்லைன்னு சொல்லல. 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல, தெருத்தெருவா வந்து மாத்திரை கொடுக்குற பெண்களைக் கையெடுத்துக் கும்பிடணும். ஆனா அளவு பார்க்காம இன்சுலின் போடுறது கண்ணைக் கட்டிக்கிட்டு கிணத்தோரம் நடக்குற மாதிரி. ஸ்ட்ரிப் ஒண்ணு 20 ரூபா பக்கம் வருது. தினம் ரெண்டுன்னா மாசம் 1,200. முதியோர் பென்ஷனை 2023-ல ஏத்துனாங்களே, எவ்வளவுக்கு? அதே 1,200.

"ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே பார்க்குறாங்களே"ன்னு கேப்பீங்க. பார்க்குறாங்க, பகல்ல. சக்கரை இறங்குறது ராத்திரி ரெண்டு மணிக்கு. உடம்பு வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும்போது 70-க்குக் கீழ போயிடுச்சான்னு யாரைக் கேக்குறது? திண்டிவனத்துக்கு பஸ்ஸே விடிஞ்சாதான். இந்த பயத்துலயே ஊசி அளவைத் தானா குறைச்சுக்குற பெரியவங்க எங்க பக்கம் நிறைய பேர். அப்புறம் சக்கரை ஏறும், கால்ல புண்ணு ஆறாது, கடைசியில அந்த அட்டைக்கு வேலை வரும்.

அமெரிக்காவுல 65 வயசு தாண்டினவங்களுக்கு மெடிகேர்னு அரசாங்கக் காப்பீடு இருக்குது. இன்சுலின் போடுறவங்களுக்கு மூணு மாசத்துக்கு 300 ஸ்ட்ரிப், மத்தவங்களுக்கு 100. விலையில பெரும்பங்கை அதுவே கட்டிடுது. "அது பணக்கார நாடு"ன்னு சொல்லாதீங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு டயாலிசிஸுக்குப் பணம் கட்டுற நம்ம அரசாங்கத்துக்கு எது சிக்கனம்னு கணக்குப் போடத் தெரியாதா?

எல்லாருக்கும் கேக்கல. மாத்திரை மட்டும் போடுறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு தினம் குத்திப் பார்க்குற அவசியம் இல்ல. இன்சுலின் போடுற வயசானவங்களுக்கு ஒரு மிஷின், மாசம் 60 ஸ்ட்ரிப், அவ்வளவுதான். புதுசா ஆபீஸ் எதுவும் திறக்க வேணாம். மாத்திரை வர்ற அதே பையில ஸ்ட்ரிப்பும் வரட்டும்.

ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட நாங்க இங்க கேப்போம். நீங்களும் அங்க கேளுங்க. பட்டணத்துச் சத்தம்தான் கோட்டைக்குச் சீக்கிரம் கேக்குது.