ஃபார்மட் செய்யும் முன் மூன்று கேள்விகள்

நாளை இடுபணியை ஒப்படைக்க வேண்டும். இன்றிரவு பார்த்துக் கணினி இயங்க மறுக்கிறது. "ஃபார்மட் செய்துவிடு" என்று யாராவது சொல்வார்கள். மாணவர்களே, அவசரப்படாதீர்கள்! ஃபார்மட் செய்தால் கோளாறோடு உங்கள் கோப்புகளும் போய்விடும். அது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கணினி படிப்படியாகத்தான் விழிக்கிறது. முதலில் மின்சாரம். அடுத்து, தாய்ப்பலகையில் உள்ள சிறு நிரல் நினைவகம் முதலிய பாகங்களைச் சோதிக்கிறது. பிறகு வட்டிலிருந்து விண்டோஸ் போன்ற இயங்குதளம் ஏறுகிறது. எந்தப் படியில் நின்றது என்று கேளுங்கள்.

விளக்கு எரிகிறதா, விசிறி சுற்றுகிறதா? இல்லையென்றால் பிளக்கையும் சார்ஜரையும் பாருங்கள். விசிறி சுற்றியும் திரை கறுப்பாக இருக்கிறதா? திரைக்கான கம்பியைச் சரிபாருங்கள். 'பீப்' ஒலி கேட்டால் எத்தனை முறை என எண்ணுங்கள், அது கோளாறைச் சொல்லும் குறிப்பு. தயாரிப்பாளரின் சின்னம் தோன்றிய பின் நிற்கிறதா? வட்டையோ மென்பொருளையோ சந்தேகப்படுங்கள். பென்டிரைவைக் கழற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் காரணம் தெரியும்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் மலேசிய நேரம் பிற்பகல் 12.09க்கு அனுப்பிய பிழையான புதுப்பிப்பால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஏர் ஏசியா பயணிகளைக் கையால் பதிவு செய்தது. சிலிம் ரிவரில் நின்று செல்லும் இடிஎஸ் ரயில்களை இயக்கும் கேடிஎம் நிறுவனத்தின் டிக்கெட் முறையும் பாதிக்கப்பட்டது. 78 நிமிடங்களில் அந்தப் புதுப்பிப்பு நிறுத்தப்பட்டாலும், முடங்கிய கணினிகள் பல தாமாக எழவில்லை. அவற்றுக்குச் சொல்லப்பட்ட தீர்வு ஃபார்மட் அல்ல. 'சேஃப் மோட்' எனும் பாதுகாப்பு நிலையில் கணினியைத் திறந்து, பழுதான ஒரே ஒரு கோப்பை நீக்குவதுதான்! வட்டு பூட்டப்பட்டிருந்த கணினிகளுக்கு 48 இலக்க மீட்பு எண்ணும் தேவைப்பட்டது.

உங்கள் கணினிக்கும் அந்த எண் இருந்தால் இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். இடுபணிக்கு இன்னொரு நகல் எடுத்து வையுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தாலும், "கெட்டுப்போச்சு" என்று மட்டும் சொல்லாமல், எந்தப் படியில் நின்றது என்று சொல்லுங்கள். பழுதுபார்ப்பவரின் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். உங்கள் கோப்புகளும் தப்பும்.