உளி பிடிக்க வெட்கமா?



ஆண்டு மலர் என்றாலே நாலு கவிதை, நாற்பது கடி ஜோக், ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி ஒரு புலம்பல். அதெல்லாம் வேறு பக்கங்களில் இருக்கிறது, சாவகாசமாகப் படித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரு மரச்சாமானைப் பற்றிப் பேசப் போகிறேன். சாமானின் பெயர் சைடுபோர்டு.

"அது என்னடா அது?" என்று கேட்பவர்களுக்கு: சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நிற்குமே, இடுப்பளவு உயரத்தில் நீளமாக ஓர் அலமாரி, அதுதான். மேல்பலகையில் பாத்திரம் வைக்கலாம். அதற்குக் கீழே இழுப்பறைகள். அதற்கும் கீழே கதவு போட்ட தட்டுகள். இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவெடுத்த சாமான் இது. வெள்ளைக்காரர் பங்களாக்களோடு நம் நாட்டுக்கும் வந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டு மலையில் காப்பியைக் கொண்டுவந்தார். பிறகு எஸ்டேட் வந்தது, பங்களா வந்தது, பங்களாவுக்குள் சாப்பாட்டு அறையும் வந்தது. துரை எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், இந்த நாட்டில் மரத்தை இழைத்துச் சாமான் செய்த கை பெரும்பாலும் நம்ம ஆசாரியின் கைதான்.

என் கட்சி என்னவென்றால்: ஒரு நல்ல சைடுபோர்டை வாள், இழைப்புளி, உளி என்று கைக்கருவிகளாலேயே செய்து முடிக்கிறவன், மூன்று வருட டிப்ளமோவில் நாம் எழுதிப் பாஸ் செய்யும் விஷயங்களில் பாதியைக் கையால் தொட்டுப் பார்த்துவிடுகிறான். அதை இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்ய நமக்கு இடம் தர வேண்டும். மரம் நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. சொல்லித்தரும் ஆசானும் நம் தெருவிலேயே இருக்கிறார்.

மலையில் நிற்கும் மரம்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறாதவர் நம்மில் யார்? மேலே போனதும் காப்பித் தோட்டத்துக்குள் வரிசை வரிசையாக நெட்டென்று நிற்கும் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். தண்டில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அதுதான் சில்வர் ஓக். பெயரில்தான் ஓக், உண்மையில் ஓக் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி மரம். தாவரவியல் பெயர் கிரெவில்லியா ரோபஸ்டா. காப்பிக்கும் தேயிலைக்கும் நிழல் கொடுக்க 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

இந்த மரத்துக்கு நம்மிடம் என்ன மரியாதை? வெட்டினால் பிளைவுட்டுக்குப் போகும், இல்லையென்றால் பேக்கிங் பெட்டிக்குப் போகும். "சில்வர் ஓக்கா, அது சும்மா லேசான கட்டை" என்று ஒரே பேச்சில் தள்ளிவிடுவோம். அதே மரம் அதன் சொந்த ஊரான ஆஸ்திரேலியாவில் நல்ல நல்ல மேசை, அலமாரிகளுக்கு விரும்பி எடுத்த மரம்!

ரகசியம் அறுப்பில் இருக்கிறது. எந்த மரத்திலும் நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி, கதிர்த்திசுக்கள் ஓடும். பல மரங்களில் அவை கண்ணுக்கே தெரியாது. சில்வர் ஓக்கில் அவை பெரிதாக இருக்கும். அந்த ஆரக்கால் போகும் திசையிலேயே பலகையை அறுத்து இழைத்தால், பலகை முகத்தில் பளபளவென்று மீன்செதில் போல, லேஸ் துணி போல ஒரு பூவேலை எழும்பி வரும். பிளைவுட் மில்லில் உருண்டைக் கட்டையைச் சுழலவிட்டு, பாய் பிரிப்பதுபோல மெல்லிய தாளாக உரிக்கிறார்கள். அப்படி உரிக்கும்போது இந்த அழகு வெளியே வருவதில்லை. மரத்தின் மேல் குற்றமில்லை. நாம் கத்தி வைத்த திசை அப்படி.

தேக்கு வாங்க நமக்குக் கட்டுபடியாகாது. தோதகத்தி என்கிற ஈட்டி மரம் அருகி வருகிறது. 2017 முதல் அந்த இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அப்படியிருக்க, எஸ்டேட்டில் முறைப்படி அனுமதி வாங்கி வெட்டி இறக்கும் சில்வர் ஓக்கில் நாலு கட்டையை நாம் ஏன் நல்ல வேலைக்கு எடுக்கக் கூடாது? ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். இதன் தூளும் பச்சை மரத்தின் சாறும் சிலருக்குத் தோலில் அரிப்பு, தடிப்பு உண்டாக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

மரம் மூச்சு விடும்

இப்போது கொஞ்சம் கணக்கு. ஓடிவிடாதீர்கள்!

இரும்பு சூட்டில் விரியும், இது எல்லோருக்கும் மனப்பாடம். 45 செ.மீ. அகல எஃகுத் தகடு 30 டிகிரி சூடேறினால் எவ்வளவு விரியும்? சுமார் 0.16 மி.மீ. அதே 45 செ.மீ. அகலத்தில் நம் சைடுபோர்டின் மேல்பலகையை எடுத்துக்கொள்வோம். மரத்தை அசைப்பது சூட்டைவிட ஈரம்தான். சாதாரணமாக அறுத்த பலகையில், மரத்தின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அகலம் தோராயமாகக் கால் சதவீதம் சுருங்கும் என்பது பல மரங்களுக்குப் பொருந்தும் பொதுக் கணக்கு. ஐப்பசி மூடுபனியில் ஏற்காட்டில் கிடந்த பலகையின் ஈரம் 15 சதவீதம் என்று வையுங்கள். அதைச் சேலத்துக்கு இறக்கி, சித்திரை வெயிலில் 9 சதவீதத்துக்குக் காயவிட்டால், 6 சதவீத வித்தியாசம். அகலத்தில் ஒன்றரை சதவீதம். அதாவது ஏழு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு! எஃகை விட நாற்பது மடங்கு. ஆனால் நீளவாக்கில் அதே பலகை ஏறக்குறைய அசையவே அசையாது. ஆரக்கால் திசையில் அறுத்த பலகையாக இருந்தால் அகலச் சுருக்கமும் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

இது தெரியாமல் நாலு பக்கமும் ஆணி அடித்து இறுக்கினால் என்ன ஆகும்? அடுத்த கோடையில் பலகை நடுவில் பிளந்து வாயைத் திறக்கும். ஆசாரி இதற்கு என்ன செய்கிறார் என்று பாருங்கள். கதவுக்கு முதலில் சட்டம் செய்கிறார். சட்டத்தின் உள்விளிம்பில் காடி எடுக்கிறார். நடுப்பலகையை அந்தக் காடிக்குள் சும்மா நிறுத்துகிறார். வஜ்ரமும் கிடையாது, பெவிக்காலும் கிடையாது. பலகை உள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும். கதவின் அளவு மாறாது. மேல்பலகையை அடிச்சட்டத்தோடு இணைக்கும்போதும் ஸ்க்ரூ துளையை நீள்துளையாக எடுத்து நகர இடம் விடுகிறார். சிவில் நண்பர்களே, பாலத்தில் நாம் படிக்கும் எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் இதுதானே? மெக்கானிக்கல் நண்பர்களே, இழுப்பறை மழைக்காலத்தில் சிக்காமலும் வெயில்காலத்தில் லொடலொடக்காமலும் ஓட எவ்வளவு இடைவெளி விடுவது என்பது கிளியரன்ஸ் ஃபிட் பாடம்தானே? நாம் பட்டியலைப் பார்த்து விடை எழுதுகிறோம். அவர் வெளியில் மழையா வெயிலா என்று பார்த்து முடிவு செய்கிறார்.

அடுத்து இழுப்பறையின் மூலை. முதலாமாண்டு கார்ப்பென்டரி ஷாப்பில் டவ்டெயில் என்று ஒரு ஜாயிண்ட் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? பலருக்கு அது ரெக்கார்ட் நோட்டில் வரைந்த படமாக மட்டும்தான் ஞாபகம் இருக்கும். புறா வால் மாதிரி விரிந்த அந்தப் பல்லுக்குச் சரிவு, மெதுமரத்தில் ஆறுக்கு ஒன்று, கடினமரத்தில் எட்டுக்கு ஒன்று. சரிவு கூடிப்போனால் பல்லின் முனை உடைந்துவிடும். குறைந்துபோனால் பிடிப்பு இருக்காது. இழுப்பறையை நாம் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் முன்பலகை பிய்ந்து வரப் பார்க்கிறது. அந்த விசையை ஆணி இல்லாமல் தாங்குவது இந்த வால்தான். விசை எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசைக்கு எதிராக வால் விரிந்து நிற்கிறது. அப்ளைடு மெக்கானிக்ஸ் இதைவிடத் தெளிவாக எங்கே கிடைக்கும்?

எட்டுத் தேர் செய்கிற தச்சன்

"கையால் செய்தால் மாசக்கணக்கில் ஆகுமேப்பா. மெஷின் இருக்கும்போது இது எதுக்கு?" நியாயமான கேள்வி. பதிலைப் பக்கத்து மாவட்டத்திலிருந்தே தருகிறேன்.

சேர்வராயன் மலைக்கு வடக்கே இருக்கும் தர்மபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர். அங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்று 87-ஆம் பாட்டில் ஒரு தச்சன் வருகிறான். ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய கெட்டிக்காரன். அப்பேர்ப்பட்டவன் ஒரு மாதம் பாடுபட்டு ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எப்படி இருக்கும்? அந்தச் சக்கரம் போன்றவன் எங்கள் தலைவன் என்கிறார் ஔவை. கவனியுங்கள்: அந்தத் தச்சனுக்கு வேகம் தெரியாமல் இல்லை. எட்டுத் தேரும் செய்வான். எங்கே வேகம், எங்கே நிதானம் என்று தெரிந்து வைத்திருக்கிறான். நமக்கும் அதுதான் வேண்டும். சி.என்.சி. ரௌட்டர் ஓட்டத் தெரியட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் மரத்தின் வரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது, இழைப்புளி எதிர்வரியில் போய் 'டர்'ரென்று பிய்த்துக்கொள்ளும்போது மணிக்கட்டுக்குத் தெரியும். அந்தப் பாடம் திரையில் வராது.

வெட்கம் யாருக்கு?

உண்மையான தடை நேரமோ காசோ இல்லை. நம்ம பசங்க பலருக்கு உளியைத் தொட வெட்கம். "டிப்ளமோ படிச்சுட்டு ஆசாரி வேலையா?" என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு தொழிலை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, அதில் உள்ள அறிவை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டது நம் சமூகத்தின் பழைய வழக்கம். கல்லூரி ஒர்க்‌ஷாப்புக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. விளைவு என்ன? கடையில் ரெடிமேடாக விற்கும் புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி, பெயரை மட்டும் மாற்றி, வைவாவில் திருதிருவென்று முழிக்கிறோம். வெட்கப்பட வேண்டியது அதற்கல்லவா?

ஜார்ஜ் நகாஷிமா என்று ஒருவர். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்தவர். 1930-களின் கடைசியில் நம் பாண்டிச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்டும் பணியில் இருந்தார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில், ஜப்பானிய வம்சம் என்ற ஒரே காரணத்துக்காக அவரை அமெரிக்க அரசு இடாஹோ மாநிலத்து முகாமில் அடைத்தது. அந்த முகாமில் ஜப்பானிய முறையில் தேர்ந்த ஒரு தச்சர் இருந்தார். எம்.ஐ.டி. பட்டதாரி அவரிடம் கைக்கருவி வேலை கற்றுக்கொண்டார். பின்னாளில் மரச்சாமான் உலகமே கொண்டாடும் பெயராக நகாஷிமா வளர்ந்தார். எம்.ஐ.டி. படித்தவருக்கு வராத வெட்கம் நமக்கு எதற்கு?

தூரம் போக வேண்டாம். நம் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உளியால் வந்த பெருமை அது. அங்கே இருக்கும் கைக்கும் நம் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவில் ஒரு பஸ் டிக்கெட் தூரம்தான்.

என்ன செய்யலாம்?

மாணவர் மன்றம் மூன்று கோரிக்கைகளை நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று, கார்ப்பென்டரி ஷாப் முதலாமாண்டோடு முடியக் கூடாது. விருப்பமுள்ளவர்களுக்கு, மாணவிகளுக்கும் சேர்த்துத்தான், மாலையில் ஒரு மணி நேரம் திறந்து விட வேண்டும்.

இரண்டு, ஊரில் அனுபவமுள்ள ஓர் ஆசாரியை வாரம் ஒரு நாள் வரவழைக்க வேண்டும். அவரை ஓரமாக ஸ்டூலில் உட்கார வைத்து டீ மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது. மற்ற கௌரவ விரிவுரையாளருக்கு என்ன ஊதியமோ அதையே கொடுத்து, 'சார்' என்று கூப்பிட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்று, நாலு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு சைடுபோர்டை இறுதியாண்டு புராஜெக்டாக அனுமதிக்க வேண்டும். ஐந்தடி நீளம், மூன்றடி உயரம், ஒன்றரை அடி ஆழம். ஓர் அங்குலப் பலகை காற்றில் காய ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. ஆகவே இரண்டாமாண்டிலேயே மரம் எடுத்து, இடையிடையே குச்சி வைத்து, நிழலில் அடுக்கிவிட வேண்டும். நம் ஜூனியர்களுக்கு மரத்தை நாம் அடுக்கி வைப்போம், அவர்கள் தங்கள் ஜூனியர்களுக்கு அடுக்கி வைக்கட்டும். ஒவ்வொரு செட்டும் அடுத்த செட்டுக்கு விட்டுப்போக ஃபேர்வெல் போட்டோவை விட உருப்படியான ஒன்று இருக்கும்.

செய்து முடித்த முதல் சைடுபோர்டு எங்கே போகும் என்று கேட்கிறீர்களா? நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் வைப்போம். சாம்பாரை மாற்ற நம்மால் முடியாது. அதை வைக்கிற இடமாவது நாமே செய்ததாக இருக்கட்டும்!

– மூன்றாமாண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு