பகடை உருட்டும் பங்குச் சந்தை

பங்குச் சந்தையை அறிய விரும்பும் மாணவர்க்குப் பொருளியல் நூல்களைக் காட்டுவதே வழக்கம். யான் ஒரு பழைய பலகையாட்டத்தைக் காட்ட விழைகிறேன். கனடா நாட்டின் காப் கிளார்க் பதிப்பகத்தார் 1937 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்டாக் டிக்கர்' என்பதே அது. தந்தி வழியே வந்த பங்கு விலைகளைக் காகித நாடாவில் அச்சிட்டுத் தள்ளிய பொறியின் பெயர் அது. அதுவே ஆட்டத்தின் பெயரும் ஆயிற்று.

ஆட்டம் பிறந்த காலத்தை நோக்குதல் வேண்டும். 1929 இன் பெருவீழ்ச்சிக்குப் பின், கனடாவின் சமவெளி உழவர்கள் விளைவித்த கோதுமை, 1932 இறுதியில் வின்னிபெக் சந்தையில் புஷல் ஒன்றுக்கு 40 சென்டுக்கும் கீழே வீழ்ந்தது. அத்தகைய வீழ்ச்சியைக் கண்ட மக்களிடையே தோன்றியதாலோ என்னவோ, இவ்வாட்டத்தில் விலை சுழியம் வரை இறங்கும்.

ஆடும் முறை எளிது. தங்கம், வெள்ளி, எண்ணெய், தொழில், கடன்பத்திரம், தானியம் என ஆறு பங்குகள். எல்லாம் 1 டாலரில் தொடங்கும். ஒவ்வொருவர் கையிலும் 5,000 டாலர் விளையாட்டுப் பணம். பகடைகள் மூன்று. முதலாவது எந்தப் பங்கு என்று சொல்லும். இரண்டாவது ஏற்றமா, இறக்கமா, ஈவுத்தொகையா என்று சொல்லும். மூன்றாவது 5, 10, 20 சென்டுகளுள் எவ்வளவு என்று சொல்லும். இத்தனை முறை உருட்டிய பின் வாங்கலாம், விற்கலாம் என்று முதலிலேயே பேசிக்கொள்வர். 1 டாலருக்குக் குறைந்த பங்குக்கு ஈவுத்தொகை இல்லை. விலை 2 டாலரைத் தொட்டால் பங்குகள் இரட்டிக்கும், விலை மீண்டும் 1 டாலராகும். சுழியத்தைத் தொட்டாலோ வைத்திருந்தவர் அனைத்தையும் வங்கியிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். அப்பங்கு மீண்டும் 1 டாலரில் புதிதாய்த் தொடங்கும். குறித்த நேரம் முடிந்ததும் யாவற்றையும் விற்று, மிகுந்த பணம் வைத்திருப்பவரே வென்றவர்.

"இதில் அறிவுக்கு வேலை எங்கே?" என்று வினவுவோர் உண்டு. அவ்வினாவே எனக்கு உவப்பானது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பகடையில் சம இடம். தங்கமும் தானியமும் பகடைக்கு ஒன்றே. அடுத்து என்ன வரும் என்று எவரும் அறியார். ஆயினும் ஆட்டம் முடிந்ததும் வென்றவர் "எண்ணெய் ஏறும் என்று அப்போதே நினைத்தேன்" என்பார். தோற்றவர் தம் போதாத காலத்தை நொந்துகொள்வார். இவ்விருவரையும் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பதற்காகவே இதனை ஆடலாம்!

ஆயினும் கணக்கு அறிந்தோர்க்குச் சிறிது இடம் உண்டு. 1 டாலர் 95 சென்டில் நிற்கும் பங்கை நோக்கி எல்லாரும் ஓடுவர், இரட்டிக்கப் போகிறதே என்று. 2 டாலர் விலையில் 1,000 பங்கும் 1 டாலர் விலையில் 2,000 பங்கும் ஒரே 2,000 டாலர்தான். மேலும், 20 சென்ட் ஏற்றம் வந்தாலும் கிடைப்பது 5 சென்டே; விலை வரிசை 2 டாலரோடு முடிகிறது. 20 சென்ட் இறக்கம் வந்தாலோ முழுதும் இழப்பு. ஈவுத்தொகை ஒன்றுதான் அங்கே நிற்பதற்குத் தக்க காரணம். மாறாக 5 சென்டுக்கு வீழ்ந்த பங்கைத் தொட அஞ்சுவர். அதன் 1,000 பங்கின் விலை 50 டாலர். 20 சென்ட் இறங்கினாலும் போவது அந்த 50 தான். 20 சென்ட் ஏறினால் வருவது 200. ஈவுத்தொகை கிடையாது என்பது மெய்யே. எனினும் கூட்டம் ஓடும் திசையும் கணக்கு காட்டும் திசையும் வேறு என்பதை இங்கே விரல்விட்டு எண்ணலாம்.

பகடை என்றதும் நம் பெரியோர் முகம் சுளிப்பர். பணயம் இல்லாவிடினும் பகடையே ஆகாது என்பார் உளர். அவர்களோடு வாதிட யான் முனையவில்லை. ஆடாமல் மேற்சொன்ன கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தாலும் போதும். ஆனால் பகடையற்ற தூய இடம் என்று எண்ணிக் கைப்பேசிச் செயலியில் முன்பேர வணிகம் செய்யும் இளைஞரைப் பற்றியும் அவர்கள் அதே முகச்சுளிப்போடு கேட்டறிய வேண்டும். இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் அவ்வணிகத்தில் இறங்கிய தனிநபர்களுள் 100 க்கு 93 பேர் இழந்தனர். ஸ்டாக் டிக்கரில் தரகுக் கூலியாவது இல்லை.

ஆட விரும்பும் மாணவர்க்கு என் வேண்டுகோள் ஒன்று. அட்டையில் கட்டம் வரைந்து, மூன்று மரக்கட்டைகளில் குறி எழுதி, ஆட்டத்தை நீங்களே செய்துகொள்ளலாம். கூடவே ஒரு குறிப்பேடு வேண்டும். ஒவ்வொரு முறை வாங்கும் முன்னும் ஏன் வாங்குகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆட்டம் முடிந்து பணம் எண்ணும் முன், ஒருவர் குறிப்பை மற்றவர் உரக்கப் படிக்கட்டும். முதலில் வென்றவருடையதை.