பத்து ரூபா டோக்கன் போட்டா கூட்டம் குறையுமா?

"சும்மா குடுத்தா மதிக்க மாட்டாங்க பாஸ். பெரியாஸ்பத்திரியில பத்து ரூபா டோக்கன் போடட்டும், தேவையில்லாத கூட்டம் தானா குறையும்." காளவாசல் பக்கம் வாரத்துக்கு ஒரு தடவையாவது இது காதில் விழுது. சொல்றவங்க பெரும்பாலும் என்னை மாதிரி மாசச் சம்பளக்காரங்க.

கூட்டம் குறையும். சந்தேகமே இல்லை. ஆனா குறையறது யாரு?

இதை நிஜமாவே செஞ்சு பார்த்திருக்காங்க. கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக் குடுத்துட்டிருந்த குடற்புழு மருந்துக்கு, 2001-ல் சில பள்ளிகளில் மட்டும் சின்னதா ஒரு கட்டணம் வெச்சாங்க. இலவசமா இருந்த பள்ளிகளில் 75 சதவீதம் பேர் மருந்து சாப்பிட்டாங்க. காசு கேட்ட பள்ளிகளில் 18 சதவீதம்தான். மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகுவலும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு. என்னை உலுக்கினது இன்னொரு விஷயம்: காசு குடுத்தாவது சாப்பிட்டவங்கள்ல, புழுத்தொல்லை அதிகம் இருந்த பிள்ளைங்க கூடுதலா இல்லை. நோயாளி யாரு, சும்மா வந்தவர் யாருன்னு கட்டணத்துக்குத் தெரியலை!

சர்வர்ல லோடு அதிகம்னு லாகின் பக்கத்தையே தூக்கிட்டு, "இப்போ எவ்வளவு வேகமா ஓடுது பாருங்க"ன்னு சொல்ற மாதிரிதான் இது :-)

சரி, இப்போ மட்டும் அது சும்மாவா? உசிலம்பட்டியிலிருந்து ஒரு அம்மா கோரிப்பாளையம் வந்தா அன்னிக்குக் கூலி போச்சு. துணைக்கு வர்றவர் கூலியும் போச்சு. சாப்பாட்டுச் செலவு வேற. டோக்கன் காசு இதுக்கெல்லாம் மேல.

டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோட ஆரம்பிச்ச நம்ம ஊர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இந்தக் கணக்கு நல்லாத் தெரியும். ஆபரேஷன் இலவசம்னு சொன்னா மட்டும் கிராமத்து ஜனங்க வந்துடலை. முகாமிலிருந்து பஸ்ஸில் கூட்டிட்டு வந்து, சாப்பாடும் போட்டாங்க. அங்கே காசு வாங்குற பிரிவும் உண்டு. ஆனா எந்தப் பக்கம் போறதுன்னு நோயாளியே முடிவு பண்ணிக்கலாம். 2021-ல் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்'னு பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போனதும் இதே கணக்குதான்.

கூட்டம் தாங்கலைன்னா டாக்டரைக் கூட்டணும், நர்ஸைக் கூட்டணும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பலப்படுத்தணும். செலவுதான். ஆனா டோக்கன் போட்டா வர்ற மிச்சம், யாரோ வீட்டுல வலியோட படுத்துக் கிடக்கறதால வர்ற மிச்சம்.

வராமப் போனவங்க பேரு எந்த ரிஜிஸ்டர்லயும் ஏறாது. அதனாலதான் இந்த மாதிரி திட்டங்கள் காகிதத்துல எப்பவும் வெற்றி.

மாற்றுக் கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல சண்டைக்கு வாங்க. டோக்கன் கிடையாது.