கேஷ்பேக் ஆசை: திரும்பி வருவது யார் பணம்?

அரிசி, எண்ணெய் முதல் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை வரை இன்று எதை வாங்கினாலும் 'கேஷ்பேக்' என்ற சொல் கூடவே வருகிறது. விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் நூறு ரூபாய் திரும்பக் கிடைத்தாலும் நடுத்தரக் குடும்பத்துக்கு அது உதவிதான். சிக்கனம் நம் மார்க்கம் விரும்பும் பண்பும்கூட. ஆனால், அந்த நூறு ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்காமல் வாங்கிக்கொள்வது முஃமினுக்கு அழகல்ல.

பணம் வரும் வழிகள்

முதல் வழி தரகு. கேஷ்கரோ போன்ற தளங்களின் வழியாகச் சென்று ஓர் இணையக் கடையில் பொருள் வாங்கினால், வாடிக்கையாளரை அனுப்பி வைத்ததற்காக அந்தக் கடை தளத்துக்குக் கமிஷன் கொடுக்கிறது. தளம் அதில் ஒரு பகுதியை நமக்குத் தருகிறது. இது விற்பவர் விலையைக் குறைத்துத் தருவதற்கு ஒப்பானது. பொருள் ஹலாலாகவும் நிபந்தனை தெளிவாகவும் இருந்தால் மார்க்க அறிஞர்கள் பலர் இதை அனுமதிக்கின்றனர்.

இரண்டாவது வழி கடன். 2016ஆம் ஆண்டு யு.பி.ஐ. வந்த பிறகு, பணம் செலுத்தும் செயலிகள் ஆட்களைச் சேர்ப்பதற்காகக் கேஷ்பேக்கை வாரி வழங்கின. 2020 ஜனவரி முதல், வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியாகப் பெறும் பணத்துக்குக் கடைக்காரர் கட்டணம் எதுவும் தரவேண்டியதில்லை என்றானது. அந்த வழியில் வருமானம் இல்லாத நிறுவனங்கள் கடன், காப்பீடு, கிரெடிட் கார்டு விற்பனை ஆகியவற்றில் இறங்கின. 2022 ஜூனில் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யுடன் இணைக்கவும் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. இன்று 'ஐந்து விழுக்காடு திரும்பக் கிடைக்கும்' என்ற கவர்ச்சியான அறிவிப்புகள் பெரும்பாலும் கிரெடிட் கார்டோடு சேர்ந்தே வருவதற்கு இதுவே பின்னணி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் ஐந்து விழுக்காடு கேஷ்பேக் 500 ரூபாய். தவணைத் தேதியில் முழுத் தொகையும் கட்ட முடியாமல் போனால், மாதம் மூன்றரை விழுக்காடு வட்டி வாங்கும் கார்டில் ஒரு மாதத்துக்கு 350 ரூபாய், இரண்டு மாதத்துக்கு 700 ரூபாய். தாமதக் கட்டணமும் வரியும் தனி. நமக்குக் கிடைத்த 500 ரூபாய் இரண்டாவது மாதம் முடிவதற்குள் பறந்துவிடுகிறது. தேதி தவறாமல் கட்டுபவருக்கு நட்டமில்லை என்று சொல்லலாம். ஆனால், வட்டி நிபந்தனை உள்ள கார்டை, உரிய காலத்தில் கட்டிவிடும் எண்ணத்தோடும் வாங்கக்கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாத் கூட்டத்தில் தீர்மானித்தது. இதில் மாற்றுக் கருத்துடைய அறிஞர்களும் உண்டு. ஆனாலும், சில நூறு ரூபாய்க்காக வட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமா என்ற கேள்வி நம் முன் நிற்கத்தான் செய்கிறது.

மூன்றாவது வழி அதிர்ஷ்டம். சுரண்டினால் ஆயிரமும் வரலாம், ஒன்றுமில்லாமலும் போகலாம். 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டத் தடைச் சட்டத்தைக் காரணம் காட்டி, கூகுள் பே தனது சுரண்டல் அட்டைப் பரிசுகளில் தமிழ்நாட்டினரைச் சேர்க்காமல் விட்டது. இந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, 2003இல் லாட்டரியை ஒழித்த மாநிலத்தில் வாழும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. தேவையான பொருளை வாங்கும்போது தானாக வரும் பரிசு வேறு. பரிசுக்காகவே வாங்குவது வேறு. பின்னது சூதாட்டத்தின் வாசனையுடையது.

மறைக்கப்படும் நிபந்தனைகள்

சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. குறைந்தபட்சக் கொள்முதல், அதிகபட்ச வரம்பு, காலாவதித் தேதி எல்லாவற்றையும் பொடி எழுத்தில் அடியில் போடுவது அந்த ஈரத்தை மறைப்பதுதான். '1,999 ரூபாய்க்கு வாங்கினால் 100 ரூபாய் திரும்ப' என்ற அறிவிப்பைப் பார்த்து, 1,200 ரூபாய்க்கு மட்டுமே தேவையுள்ளவர் 1,999க்கு வாங்கினால், அவர் 100 ரூபாயைச் சேமிக்கவில்லை. 699 ரூபாயைக் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். வீண்விரயத்தைத் திருக்குர்ஆன் (17:26,27) எவ்வளவு கடுமையாகச் சாடுகிறது என்பதை நாம் அறிவோம்.

பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது உள்ளிட்ட 13 ஏமாற்று உத்திகளுக்கு எதிராக மத்திய அரசு 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 'கேஷ்பேக் வந்திருக்கிறது, பின் எண்ணைப் போடுங்கள்' என்று யார் சொன்னாலும் அது மோசடி. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை.

முஹல்லா கடையை மறக்கலாமா?

மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோது, நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு மளிகை கொடுப்பவர் தெருமுனைக் கடைக்காரர். அதற்கு அவர் வட்டி கேட்பதில்லை. நம் சமுதாயத்தில் எத்தனையோ குடும்பங்கள் இத்தகைய சிறு வியாபாரத்தை நம்பியே வாழ்கின்றன. ரொக்கம் இருக்கும்போது செயலிக்கும், இல்லாதபோது அவரிடமும் போவது நியாயமா?

கேஷ்பேக் முற்றிலும் வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. முதலில் வீட்டில் பட்டியல் எழுதுவோம். சலுகையைக் கழித்த பிறகு வரும் விலையைப் பக்கத்துக் கடை விலையோடு ஒப்பிடுவோம். நம் சொந்தப் பணத்தில், கடனில்லாமல் வாங்குவோம். அதன்பின் திரும்பி வருவது ஹலாலான மிச்சம். அதில் ஒரு பங்கை ஸதகாவுக்கு ஒதுக்கினால் இன்னும் சிறப்பு. நம் வரவிலும் செலவிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக!