கிரவுண்டு யாருக்கு பாஸ்?

இன்டர்னல் மார்க், அரியர், அசைன்மென்ட் எல்லாத்தையும் அஞ்சு நிமிஷம் ஓரமா வெச்சுட்டு ஒரு சின்ன வேலை பண்ணுங்க. இன்னைக்குச் சாயங்காலம் உங்க ஏரியா கிரவுண்டுக்குப் போய், உள்ளே இருக்கிற தலைகளை எண்ணுங்க. பசங்க எத்தனை பேர்? பொண்ணுங்க எத்தனை பேர்? நாற்பது வயசு தாண்டின அம்மாக்கள்? வீல்சேர்ல வந்தவங்க? முதல் கேள்விக்குப் பத்து விரலும் பத்தாது. மத்த மூணுக்கும் சேர்த்து ஒரு கை விரலே அதிகம்!

உடனே, ‘அவங்களுக்கெல்லாம் விளையாட்டுல இன்ட்ரஸ்ட் இல்லப்பா’னு ஒரு பதில் ரெடியா வரும். அது உண்மையானு பார்த்துடுவோம்.

2024-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. 2022-ல் இந்தியாவில் பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் போதுமான அளவு உடம்பை அசைக்கிறது இல்லையாம். ஆண்களில் சுமார் 42 சதவிகிதம், பெண்களில் சுமார் 57 சதவிகிதம். ‘போதுமான அளவு’ன்னா மராத்தான் இல்லை பாஸ்... வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடந்தாலே பாஸ் மார்க். ‘வீட்டு வேலை செய்றாங்களே, அதுவே எக்ஸர்சைஸ்தானே’ன்னு தப்பிக்கவும் முடியாது. வேலை, நடை, விளையாட்டு எல்லாத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது.

பாதி நாடு ஃபெயில் ஆகுதுன்னா, தப்பு ஸ்டூடன்ட்ஸ்கிட்ட மட்டும் இருக்குமா? கொஸ்டின் பேப்பரையும் கொஞ்சம் பார்க்கணும்ல!

துட்டு இருந்தாத்தான் பந்தா?

2024 அக்டோபர். சென்னை மாநகராட்சியோட ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியார்கிட்ட ஒப்படைச்சு, விளையாட ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம்னு தீர்மானம் போட்டாங்க. நமக்கு அது ஒரு ஐஸ்க்ரீம் காசா இருக்கலாம். ஆனா, தினக்கூலி வாங்குற அப்பாவோட பையனுக்கு? வாரத்துல அஞ்சு நாள் விளையாடினா 600 ரூபாய். வீட்ல ரெண்டு பிள்ளைங்கன்னா 1,200. அந்த வீட்ல முதல்ல யாரோட ஆட்டம் நிக்கும்னு நினைக்கிறீங்க? பையன் அடம் பிடிச்சுப் போயிடுவான். தங்கச்சிதான் பால்கனியில நிப்பா.

எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்லயே முடிவை வாபஸ் வாங்கிட்டாங்க. நல்ல விஷயம். ஆனா ‘இலவசம்’கிற ஒரு வார்த்தையில எத்தனை பேரோட சாயங்காலம் தொங்கிட்டு இருக்குன்னு அந்தச் சில நாள் காட்டிக் கொடுத்துச்சு.

தெரு முனையில ஒரு வேர்ல்டு சாம்பியன்!

சரி, காசு இல்லாமலே நடக்குமா? வடசென்னைக்கு வண்டியை விடுங்க.

வியாசர்பாடியை ‘குட்டி பிரேசில்’னு சொல்வாங்க. சும்மா பில்டப் இல்லை. இந்தியாவுக்கு ஆடின தனபால் கணேஷ் அந்த ஏரியாதான். அங்கே முல்லை நகர்ல, 1997-ல் இருந்து குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு அமைப்பு கால்பந்து சொல்லித் தருது. கூடவே படிப்புக்கும் கை கொடுக்குது. இந்தக் கூட்டணிதான் சூட்சுமம். ‘பந்தாடப் போறேன்’னா முறைக்கிற அம்மா, ‘டியூஷனும் இருக்கு’ன்னா அனுப்பி வைப்பாங்க!

அடுத்து, காசிமா. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர். அப்பா ஆட்டோ டிரைவர். 2024-ல் அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில ஒற்றையர், இரட்டையர், அணின்னு மூணு தங்கம் அள்ளிட்டு வந்தாங்க. ‘கேரம் ஆடினா எத்தனை கலோரி குறையும்’னு நக்கல் வேணாம் பாஸ். பாயின்ட் வேற. கத்துக்கிற இடம் வீட்டுப் பக்கத்துல. சொல்லிக் கொடுத்தது பெத்த அப்பா. ‘இருட்டிடுச்சே, எங்கே போறே, யார்கூடப் போறே?’ங்கிற மூணு கேள்விக்கும் இடமே இல்லை. ஒரு பொண்ணு விளையாட வரணும்னா ஸ்டேடியத்தைவிட இந்தப் பதில்கள்தான் முதல்ல வேணும்.

கடைசி ஆளுக்கும் ஒரு கைதட்டு

ஊர் விட்டு ஊர் போவோம். 2004 அக்டோபர் 2-ம் தேதி, லண்டன் புஷி பார்க்ல பதிமூணு பேர் சேர்ந்து அஞ்சு கிலோமீட்டர் ஓடினாங்க. அதுதான் இன்னைக்கு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள்ல நடக்கிற ‘பார்க்ரன்’. எல்லாம் இலவசம், நடத்துறது தன்னார்வலர்கள். நடந்தே போனாலும் ஓகே. எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு... கூட்டத்துக்குப் பின்னாடி ஒரு தன்னார்வலர் நடந்து வருவார். எப்பவுமே அவர்தான் லாஸ்ட். அதனால வந்தவங்க யாருமே கடைசி இல்லை! குண்டா இருக்கோமே, மூச்சு வாங்குதே, பார்த்துச் சிரிப்பாங்களேனு தயங்குற ஒருத்தருக்கு இதைவிட நல்ல அழைப்பு என்ன இருக்கு?

கொலம்பியாவின் பொகோட்டாவுல 1974-ல் இருந்தே ஞாயிற்றுக்கிழமை ஆனா முக்கியமான சாலைகள்ல காருக்கு தடா. காலை 7 மணியில இருந்து மதியம் 2 மணி வரைக்கும் 120 கிலோமீட்டருக்கும் மேல சைக்கிளும் கால்களும்தான். பூங்காக்கள்ல இலவச ஏரோபிக்ஸ் வேற. அதுக்கு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள்! ‘இன்ட்ரஸ்ட் இல்லை’ன்னு சொன்னது யாரு?

நம்ம மெரினாவுக்கும் வருவோம். 2022 நவம்பர்ல மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தாங்க. அதுவரைக்கும் தூரத்துல இருந்தே கடலைப் பார்த்தவங்க, அலைக்குப் பக்கத்துல போய்ப் பூரிச்ச முகங்களைச் செய்தியில பார்த்திருப்பீங்க. சில நாள்லயே மாண்டஸ் புயல் பாதையைச் சேதப்படுத்துச்சு. சரி பண்ணித் திரும்பக் கொடுத்தாங்க. ஆர்வம் அவங்ககிட்ட எப்பவும் இருந்துச்சு. இல்லாம இருந்தது பாதை!

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள்லயும் பள்ளி, கல்லூரியோட மாற்றுத்திறனாளிகள், பொதுமக்கள்னு தனிப் பிரிவுகள் வெச்சாங்க. ஆனா போட்டிக்கு வர்றவங்க வருஷம் முழுக்க ஆட ஒரு இடம் வேணும்ல?

ஒரு மணி நேரம் கொடுங்க!

எங்க காலேஜ்ல சாயங்காலம் ஆறு மணிக்கு கேர்ள்ஸ் ஹாஸ்டல் கேட் மூடும். கிளாஸ், லேப் முடிஞ்சு ரூமுக்கு வர்றதே அஞ்சரை. மிச்ச அரை மணியில என்ன ஆடுறது, பல்லாங்குழியா? கிரவுண்டு எங்களுக்கும் திறந்துதான் இருக்கு. டைம்டேபிள்தான் பூட்டியிருக்கு.

அதனால பெருசா ஸ்டேடியம் எல்லாம் கேட்கலை. என்.எஸ்.எஸ். கேம்ப்ல மரக்கன்று நட்டு போட்டோ எடுக்கிறோமே, அதோட இதையும் சேர்த்துக்குங்க. உங்க ஏரியா கிரவுண்டுல வாரத்துக்கு மூணு நாள், ஒரு மணி நேரம் பொண்ணுங்களுக்கும் அம்மாக்களுக்கும்னு ஒதுக்கச் சொல்லி கவுன்சிலர்கிட்ட மனு கொடுங்க. லைட் எரியுதா, டாய்லெட்ல தண்ணி வருதா, வாசல்ல சாய்வுப் பாதை இருக்கானு பார்த்து எழுதிக் கொடுங்க. த்ரோபால், ரிங்பால், கோகோ... அவங்க என்ன கேட்கிறாங்களோ அதை ஆரம்பிங்க. நாம முடிவு பண்ணிட்டு அவங்களைக் கூப்பிட்டா, முதல் வாரம் வருவாங்க, மூணாவது வாரம் வலை மட்டும்தான் நிக்கும்.

பசங்களே, உங்களுக்கு ஒரு ஸ்பெஷல் ரிக்வெஸ்ட். அந்த ஒரு மணி நேரம் வேலி ஓரமா நின்னு கமென்ட் அடிக்காதீங்க. முடிஞ்சா உங்க அம்மாவையே கூட்டிட்டு வந்து விடுங்க. ஸ்கூல் டேஸ்ல அவங்க என்ன ஆடுவாங்கன்னு கேட்டிருக்கீங்களா? கேட்டுப் பாருங்க... பாதி வீட்டுல ஒரு கபடி கேப்டன் சமையல்கட்டுக்குள்ள இருப்பாங்க!