களத்துக்கு வராத மிராசுதார்

"சர்க்காரால் முடியாததைத் தனியார் செய்யட்டுமே! இதில் உமக்கு என்ன ஐயா வயிற்றெரிச்சல்?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். படித்தவர், நல்லவர். காய்ச்சல் என்றால் காரில் ஏறித் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்.

எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. வைத்தியத்தில் சர்க்காரும் தனியாரும் கூட்டுச் சேருவதை நான் எதிர்க்கவும் இல்லை. ஆனால், என் தகப்பனார் வாரத்துக்கு நிலம் விட்டவர். நெல் அளக்கிற அன்று, வெயிலானாலும் மழையானாலும் களத்தை விட்டு நகரமாட்டார். கூட்டு என்றால் இரண்டு பேரும் மரக்காலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பாடம் எனக்கு மறக்கவில்லை.

டில்லியில் நடந்ததைப் பாருங்கள். 1988-ஆம் ஆண்டில் டில்லி நிர்வாகம் அப்போலோ நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்ட ஒப்பந்தம் செய்துகொண்டது. 15 ஏக்கர் நிலம். வாடகை மாதம் 1 ரூபாய். மூலதனத்திலும் சர்க்காருக்கு 26 சதவீதப் பங்கு. பதிலுக்கு, படுக்கைகளில் மூன்றில் ஒரு பங்கும், வெளிநோயாளிகளில் 40 சதவீதம் பேருக்கு வைத்தியமும் இலவசம் என்பது பேச்சு.

கட்டடம் எழும்பியது. பிறகு பிறந்தது அர்த்தச் சண்டை. இலவசம் என்றால் கட்டில் மட்டுமா, மருந்துமா? மருந்து அதில் சேராது என்றது ஆஸ்பத்திரி. 1997-இல் வக்கீல்கள் சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. மருந்தும் சேர்ந்ததுதான் இலவசம் என்று டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2009 ஆயிற்று. அதற்கு மேலும் ஆஸ்பத்திரி உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் செய்தது.

பசித்தவனை உட்கார வைத்து இலையைப் போட்டுவிட்டு, 'சோற்றுக்குக் காசு எடு' என்பது என்ன தர்மம்?

ஆஸ்பத்திரியை மட்டும் ஏசிப் பயனில்லை. வியாபாரி லாபம் பார்க்கத்தான் செய்வான். நிலம் கொடுத்த மிராசுதார் எங்கே போனார் என்பதே என் கேள்வி. ஏழைக்காக வழக்குப் போட வேண்டியவர் பங்காளியான சர்க்கார். போட்டவர்களோ வழிப்போக்கர்களான வக்கீல்கள்!

தனியார் என்றாலே இப்படித்தான் என்று சொல்லவும் மாட்டேன். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வசதியுள்ளவர் தரும் கட்டணத்தில் ஏழைக்கும் வைத்தியம் நடந்தது. பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ், கண்புரை அறுவைக்கு இவ்வளவு என்று சர்க்கார் இத்தகைய ஆஸ்பத்திரிகளுக்கு உதவித்தொகை தருகிறது. ஆபரேஷன் நடந்ததா, கண் தெரிகிறதா என்று எண்ணிப் பார்த்துவிடலாம். மரக்கால் வெளிச்சத்தில் இருக்கிறது.

ஆகவே, கூட்டு வேண்டும். ஆனால் எத்தனை படுக்கை இலவசம், இன்று எத்தனை காலி, மருந்தும் சேர்த்தியா என்பதை ஆஸ்பத்திரி வாசலில், கிழவியும் படிக்கும் எழுத்தில் எழுதிப் போடட்டும். சர்க்கார் மாதந்தோறும் வந்து எண்ணட்டும்.

காரில் போகும் நண்பரே, இது ஏழைக்காக மட்டும் சொன்னதல்ல. ஒரே ஒரு நீண்ட வியாதி போதும். உம்முடைய சேமிப்பும் என்னுடைய சேமிப்பும் கரைந்துவிடும். அன்றைக்கு அந்த இலவசக் கட்டிலைத் தேடி நாமும் போவோம். மருந்துச் சீட்டு அப்போது நம் கையில் இருக்கும்.